பர்சன்டைலும் டெலிவரி சலானும்

மேலாண்மைக் கல்வி நிறுவனங்கள் நுழைவுத் தேர்வு நடத்துவது நல்ல வணிகரைக் கண்டறிவதற்காக அன்று. முதல் பருவத்தில் புள்ளியியலும் கணக்கியலும் பொருளியலும் ஒருசேர வந்து இறங்கும்போது அந்தப் பாரத்தைத் தாங்கக்கூடியவர் யார் என்பதை முன்கூட்டியே ஊகித்துக்கொள்வதற்காகத்தான். 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒன்பது வணிகக் கல்லூரிகள் ஒன்றுகூடி, அடுத்த ஆண்டே நடத்தத் தொடங்கிப் பின்னாளில் ஜிமேட் என்று பெயர் பெற்ற தேர்வுக்கும் இதுவே காரணமாயிற்று. வெவ்வேறு பல்கலைக்கழகங்கள் வழங்கிய, ஒன்றோடொன்று ஒப்பிட இயலாத மதிப்பெண்களோடு வந்து குவியும் விண்ணப்பங்களை ஒரே கோலால் அளக்க அக்கல்லூரிகளுக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. இந்தியாவில் இந்திய மேலாண்மைக் கழகங்கள், அதாவது ஐ.ஐ.எம்.கள், நடத்தும் கேட் தேர்வும் ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. நடத்தும் எக்ஸேட் தேர்வும் அதே வேலையைச் செய்கின்றன. சிறுதொழில் நடத்துபவர்கள் பலருக்கு இந்த நோக்கம் தெரிவதில்லை. ஆகவே பத்துப் பேருக்கு வாரச் சம்பளம் கொடுப்பவரை உட்கார வைத்து இரயில் வேகக் கணக்குப் போடச் சொல்கிறார்களே என்னும் கோபம் அவர்களுக்கு எளிதில் வந்துவிடுகிறது. கட்டுரையாளர் ஓசூரில் ஜாப் ஒர்க் பட்டறை நடத்திக்கொண்டிருந்த நாள்களில் அக்கோபத்தைத் தேநீர்க் கடைதோறும் கேட்டவர்; கேட் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றும் மேலாண்மைப் படிப்பில் சேர்ந்தவர் என்ற முறையில், அக்கோபத்தில் நியாயம் எவ்வளவு என்பதை நிறுத்துப் பார்க்கும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது.

கட்டுரையாளரின் சொந்த ஊரான சிங்காரப்பேட்டை, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரை வட்டத்தில், கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஊத்தங்கரைக்கும் செங்கத்துக்கும் இடையே, சவ்வாது மலைத்தொடரின் அருகில் அமைந்திருக்கிறது. பாராமகால் என்று பழைய ஆவணங்கள் குறிப்பிடும் மேட்டு நிலத்திலிருந்து ஆர்க்காட்டுச் சமவெளிக்கு இறங்கும் கணவாய் வழி இது. 1767ஆம் ஆண்டில் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதிக்கொண்ட செங்கம் போர் நடந்த இடம் இங்கிருந்து தொலைவில் இல்லை. வெளியூர்க்காரர்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் என்றதும் தொழிற்சாலைகளை நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் 1970களில் சிப்காட் என்னும் மாநிலத் தொழில் மேம்பாட்டு நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்ததும், அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும் டைட்டன் கைக்கடிகாரமும் 1980களில் அங்கு நிலைகொண்டதும் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் நிகழ்ந்தவை. தென்கிழக்கு மூலையில் இருக்கும் சிங்காரப்பேட்டைக்கும் ஓசூருக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவும், மானாவாரி நிலக்கடலையும், கூழ் ஆலைகளுக்குப் பழம் தரும் பெங்களூரா மாந்தோப்புகளும் கிடந்தன. 2021ஆம் ஆண்டில் போச்சம்பள்ளி அருகே ஓலா மின் ஸ்கூட்டர் ஆலை எழும் வரையில், ஊத்தங்கரைப் பக்கத்து இளைஞருக்குத் தொழிற்சாலை வேலை என்றால் ஓசூர் பேருந்து ஏறுவது என்றே பொருள்.

இப்பகுதி இளைஞர்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலாண்மைக் கல்வி குறித்த பேச்சுகளில் அதை யாரும் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. தமிழ்நாடு அரசு பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வை 2007-08 கல்வியாண்டு முதல் கைவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தின் மதிப்பெண்ணை நூற்றுக்கும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை ஐம்பது ஐம்பதுக்கும் குறைத்துக் கூட்டி, இருநூற்றுக்குக் கட்-ஆஃப் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அம்முறை கதவைத் திறந்துவிட்டது என்பதில் கட்டுரையாளருக்கு ஐயமில்லை. அவரே அக்கதவின் வழியாகப் பொறியியல் கல்லூரிக்குள் சென்றவர். ஊத்தங்கரையின் உண்டு உறைவிடத் தனியார் பள்ளிகள் விடியற்காலை முதல் இரவு வரை பாடநூலின் ஒவ்வொரு பக்கத்தையும் மாணவர் மனத்தில் ஏற்றி அந்தக் கட்-ஆஃபை எட்ட வைத்தன. அதன் மறுபக்கம் என்னவெனில், பாடநூலில் இல்லாத கேள்வியை, கடிகாரம் ஓட ஓட, தவறினால் மதிப்பெண் குறையும் என்ற அச்சத்தோடு சந்திக்கும் பழக்கமே இல்லாமல் ஒரு தலைமுறை பட்டம் பெற்றது. வட மாநிலங்களிலும் ஆந்திரத்திலும் பதினாறு வயதிலேயே ஐ.ஐ.டி. பயிற்சி மையங்களில் அப்பழக்கம் பெற்றுவிட்டவர்களோடு, கேட் தேர்வு எழுதும் இருபத்து மூன்று வயதில்தான் இவர்கள் முதன்முறையாக ஒரே வரிசையில் நின்றார்கள்.

2012ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற கட்டுரையாளர், ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் சில காலம் பணியாற்றிவிட்டு, மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தின்கீழ் விண்ணப்பித்துச் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கெனத் தமிழ்நாடு அரசு 2012ஆம் ஆண்டில் கொண்டுவந்த திட்டம் அது. மாவட்டத் தொழில் மையம் விண்ணப்பத்தைத் தேர்ந்தெடுத்து, தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் வழியாகப் பயிற்சி அளித்து, வங்கிக் கடனுக்குப் பரிந்துரைத்து, முதலீட்டில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கை மானியமாக வழங்கும். சிப்காட்டின் எல்லையை ஒட்டிய வாடகைக் கொட்டகையில் ஒரு சி.என்.சி. லேத்தும், பழைய விலைக்கு வாங்கிய ஒரு துளையிடும் எந்திரமும், ஒரு காற்றழுத்தியும் கொண்டு பட்டறை தொடங்கியது. சி.என்.சி. என்பது, உலோகத்தை எந்த அளவுக்கு, எந்த வேகத்தில், எந்த வரிசையில் கடைய வேண்டும் என்பதைக் கணினி நிரல் கட்டுப்படுத்தும் எந்திரம். அங்கு நடந்த வேலையின் பெயர் ஜாப் ஒர்க். அதாவது, மூலப்பொருளைப் பெரிய நிறுவனமே டெலிவரி சலானோடு அனுப்பும், பட்டறை அதைக் கடைந்தும் துளையிட்டும் திருப்பித் தரும், ஒரு துண்டுக்கு இவ்வளவு என்று கூலி மட்டும் பில் போடும். இரும்பு அவர்களுடையது, எந்திரமும் உழைப்பும் தவறினால் வரும் நட்டமும் பட்டறையினுடையது. அளவு பிசகி ரிஜெக்‌ஷன் என்று திரும்பி வரும் துண்டின் இரும்பு விலையும் கூலியிலிருந்து கழிக்கப்படும் என்பதால், ஒரு ஷிப்டில் செட்டிங் சரியாக அமையாமற்போனால் அந்த வாரத்து இலாபம் ஸ்கிராப் பெட்டியில்தான் கிடக்கும்.

ஓசூர்ப் பட்டறைக்காரர்கள் ஒருவரையொருவர் சந்தித்தால் நலம் விசாரிப்பதற்கு அடுத்தபடி சொல்வது, "பில் போட்டாச்சு, பணம்தான் வரலை" என்பதாகும். இதன் பின்னாலுள்ள கணக்கைச் சற்று விரித்துச் சொன்னால்தான் ஒரு பட்டறைக்காரர் எதற்காக மேலாண்மைப் படிப்பைத் தேடிப் போகிறார் என்பது புரியும். எடுத்துக்காட்டாக, மாதம் நான்கு இலட்சம் ரூபாய்க்குக் கூலி பில் போடும் ஒரு பட்டறைக்கு வாடிக்கையாளர் தொண்ணூறு நாள் கழித்துப் பணம் தருவதாக வைத்துக்கொண்டால், எந்த நாளில் கணக்குப் பார்த்தாலும் பன்னிரண்டு இலட்சம் ரூபாய் வெளியே நிற்கும். வேலை பெருகி மாதம் ஆறு இலட்சத்துக்குப் பில் போட்டால் நிலுவை பதினெட்டு இலட்சமாகிவிடும். நூற்றுக்குப் பத்து இலாபம் என்றாலும், கூடுதலாக முடங்கிய ஆறு இலட்சத்தை ஈடுகட்டப் பத்து மாத இலாபம் முழுவதும் தேவைப்படும், அதற்குள் ஆட்களுக்குச் சனிக்கிழமைதோறும் சம்பளமும், எந்திரக் கடனின் மாதத் தவணையும், மின் கட்டணமும் காத்திராது. போதாக்குறைக்கு, 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி.யின்படி பொறியியல் ஜாப் ஒர்க்குக்கு அப்போது நூற்றுக்குப் பதினெட்டு வரி. நான்கு இலட்ச ரூபாய் பில்லுக்கு எழுபத்திரண்டாயிரம் ரூபாயை, கழித்துக்கொள்ள உள்ளீட்டு வரி அதிகம் இல்லாத நிலையில், பில்லுக்குரிய பணம் கைக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பே, அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். அந்த வரி விகிதம் 2019ஆம் ஆண்டு அக்டோபரில்தான் பன்னிரண்டாகக் குறைந்தது. சிறு நிறுவனங்களுக்கு நாற்பத்தைந்து நாள்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. ஆனால் வழக்குப் போட்டவருக்கு அடுத்த மாத ஷெட்யூல், அதாவது வேலைப் பட்டியல், வராது என்பதை எல்லோரும் அறிவர், ஆகவே பெரும்பாலோர் அச்சட்டத்தை நாடுவதில்லை.

வேலை பெருகப் பெருகக் கையில் பணம் குறைவது ஏன் என்னும் கேள்விக்கு, தொழில் பெருகுவதே பணத்தை விழுங்குகிறது என்னும் விடை கட்டுரையாளருக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை. எந்திரம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை நிமிடக் கணக்கில் சொல்ல முடிந்த அவருக்கு, ஓ.டி. கணக்கு, அதாவது வங்கி அனுமதித்த வரம்பு வரை இருப்புக்கு மேல் பணம் எடுத்துக்கொள்ளும் கணக்கு, ஏன் எப்போதும் வரம்பின் விளிம்பிலேயே நிற்கிறது என்பதை விளக்க இயலவில்லை; அவருடைய ஆடிட்டரோ வரிக் கணக்கு முடித்துத் தருவதோடு நின்றுகொண்டார். பெங்களூரில், வார இறுதியில் மட்டும் வகுப்பு நடத்தும் ஈராண்டு மேலாண்மைப் படிப்புகள் உண்டு என்று ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் தர மேலாளர் சொன்னதிலிருந்துதான் மேலாண்மைப் படிப்பில் சேரும் முயற்சி தொடங்கியது. சிங்காரப்பேட்டையில் மாந்தோப்பும் கொஞ்சம் கடலைக் காடும் வைத்திருந்த தந்தையார் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "மிஷினை விட்டுட்டு எங்கப்பா படிக்கப் போற?" அக்கேள்விக்கு விடையாகத்தான் வார இறுதிப் படிப்பு என்னும் தேர்வே அமைந்தது.

கேட் தேர்வு அந்நாளில் மூன்று மணி நேரம், நூறு கேள்விகள், மூன்று பகுதிகள் என்று அமைந்திருந்தது. 2018ஆம் ஆண்டு நவம்பரில் நடந்த தேர்வில் ஆங்கில வாசிப்பும் மொழித்திறனும் கொண்ட முதல் பகுதிக்கு முப்பத்து நான்கு கேள்விகள், தரவுகளைப் புரிந்துகொண்டு தருக்க முறையில் விடை காணும் இரண்டாம் பகுதிக்கு முப்பத்திரண்டு, கணிதத்துக்கு மீண்டும் முப்பத்து நான்கு. சரியான விடைக்கு மூன்று மதிப்பெண், விருப்பத்தேர்வுக் கேள்வியில் தவறினால் ஒரு மதிப்பெண் குறையும். ஒவ்வொரு பகுதிக்கும் அறுபது நிமிடம் என்று பூட்டுப் போட்டிருப்பார்கள், ஒன்றில் மிச்சமான நேரத்தை இன்னொன்றுக்கு எடுத்துச் செல்ல முடியாது. ஓர் எந்திரத்தில் மிச்சமான மணியை இன்னொரு வேலைக்குத் திருப்பிவிட்டே பிழைப்பு நடத்திய ஒருவருக்கு இந்தப் பூட்டு மிகவும் அன்னியமாகப் பட்டது. முதல் பகுதியில் இருபத்து நான்கு கேள்விகள் ஆங்கிலப் பத்திகளிலிருந்து வருபவை. மெய்யியல், சூழலியல், கலை வரலாறு என்று எதைப் பற்றியும் பத்தி அமையலாம், ஒரு பத்திக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஒதுக்க இயலாது. டெலிவரி சலானும் பர்ச்சேஸ் ஆர்டரும் வரைபடமும் தவிர வேறு ஆங்கிலத்தை ஆண்டுக்கணக்கில் வாசிக்காதவர், அப்பத்திகளைப் புரிந்துகொண்டார், ஆனால் மெதுவாகப் புரிந்துகொண்டார். அந்தத் தேர்வில் மெதுவாகப் புரிந்துகொள்வதற்கு மதிப்பெண் இல்லை.

முடிவு எழுபதுகளில் ஒரு பர்சன்டைலாக வந்தது. பர்சன்டைல் என்பது நூற்றுக்கு எடுத்த மதிப்பெண் அன்று; தேர்வு எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் நமக்குக் கீழே நிற்கிறார்கள் என்பதைச் சொல்லும் வரிசை எண் அது. அவ்வாண்டு தேர்வு எழுதியோர் இரண்டு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள் என்பதால், எழுபது என்றால் சுமார் அறுபதாயிரம் பேர் முன்னே நிற்கிறார்கள் என்று கொள்ளலாம். ஊரில் எழுபது என்று சொன்னால் முதல் வகுப்பு என்று மகிழ்ந்தார்கள், முதன்மையான ஐ.ஐ.எம்.களின் பொதுப் பிரிவில் நேர்முகத்துக்கு அழைப்புக் கிடைக்கத் தொண்ணூற்றொன்பதை ஒட்டிய எண் தேவைப்படும் என்பதை அவர்களுக்கு விளக்குவது வீண் வேலை. அக்காலத்தில் பயிற்சி மையங்களில் அனைவரும் எடுத்துக்காட்டிய பெயர் சரத்பாபு. சென்னை மடிப்பாக்கத்தில் இட்லி விற்றுப் படிக்கவைத்த தாயின் மகனாகப் பிட்ஸ் பிலானியில் பொறியியலும், பின்னர் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் மேலாண்மையும் பயின்று, 2006ஆம் ஆண்டில் பெரிய சம்பளத்தை மறுத்து ஃபுட்கிங் என்னும் உணவு நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். அவர் வரலாறு உண்மையாகவே பெரியது. ஆனால் அவர் தேர்வில் வென்று உள்ளே சென்று அதன் பின் தொழில் தொடங்கியவர். தொழிலை முதுகில் சுமந்துகொண்டு குறைந்த மதிப்பெண்ணோடு கதவைத் தட்டுபவருக்கு அந்த வரலாற்றில் வழிகாட்டுதல் ஏதுமில்லை. ஆயினும் விண்ணப்பத்தோடு இணைக்கும் நோக்கக் கட்டுரையை எழுதித் தரும் ஆலோசகர்கள் எல்லா விண்ணப்பதாரரையும் அதே அச்சில் வார்க்க முயன்றார்கள். வறுமை, தாயின் உழைப்பு, கனவு என்ற வரிசை மாறாமல் கட்டுரைகள் தயாராயின. சிங்காரப்பேட்டையில் மாந்தோப்பு உள்ள குடும்பத்தை ஏழைக் குடும்பமாக்குவதற்கும் ஓர் ஆலோசகர் அணியமாக இருந்தார்.

மதிப்பெண்ணைவிடக் கடினமாக இருந்தது விண்ணப்பப் படிவம். பணி அனுபவம் என்னும் கட்டத்தில் நிறுவனத்தின் பெயர், பதவி, மேலதிகாரியின் பெயர், மாதச் சம்பளம், அனுபவச் சான்று ஆகியவற்றைக் கேட்டிருந்தார்கள். பல கல்வி நிறுவனங்கள் பட்டத்துக்குப் பிந்தைய முழுநேரப் பணியை மாதங்களாக எண்ணி அதற்கு ஒரு மதிப்பெண்ணை வைத்திருக்கின்றன, பெங்களூர் ஐ.ஐ.எம்.மின் முதல் கட்டத் தேர்வு முறையிலும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களோடு பணி அனுபவத்துக்கும் இடம் உண்டு. சம்பளக்காரருக்கு ஒரு கடிதம் போதும். தமக்குத் தாமே முதலாளியானவருக்கு அனுபவச் சான்று தருபவர் யார்? சம்பளம் என்னும் கட்டத்தில் எதை எழுதுவது, இலாபத்தையா, வீட்டுச் செலவுக்கு எடுத்த தொகையையா, எதுவும் எடுக்காத மாதங்களில் சுழியத்தையா? மேலதிகாரியின் பரிந்துரைக் கடிதம் என்று கேட்ட இடத்தில், கட்டுரையாளர் ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் தர மேலாளரிடமும், தம் கடன் கணக்கைப் பார்த்துக்கொண்ட வங்கி அலுவலரிடமும் கடிதம் வாங்கினார். தர மேலாளர் எழுதிய கடிதத்தில் புகழ்ச்சி குறைவு. எந்த ஆண்டில் எத்தனை துண்டுகள் அனுப்பினார், பத்து இலட்சத்துக்கு எத்தனை துண்டு ரிஜெக்‌ஷன் ஆனது, எந்தக் குறையைத் திருத்த எவ்வளவு காலம் எடுத்தார் என்பவையே அதில் இருந்தன. அது போல் இன்னொரு பரிந்துரைக் கடிதத்தைக் கட்டுரையாளர் பின்னர் எங்கும் பார்த்ததில்லை.

நுழைவுத் தேர்வே இல்லாத கதவுகளும் உண்டு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மும்பை எஸ்.பி. ஜெயின் நிறுவனம் குடும்பத் தொழில் நடத்துவோருக்கென 1990களின் இறுதியிலிருந்து ஒரு படிப்பை நடத்திவருகிறது; மாதத்தில் ஒரு வாரம் வகுப்பு, மற்ற வாரங்கள் தொழில். இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான என்.எஸ். இராகவனின் பெயரில் பெங்களூர் ஐ.ஐ.எம்.மில் இயங்கும் தொழில்முனைவு மையமும் தொழில் நடத்துவோருக்கான வகுப்புகளை நடத்தியிருக்கிறது. அகமதாபாத்தில் 1983ஆம் ஆண்டு முதல் இயங்கும் இந்தியத் தொழில்முனைவு மேம்பாட்டு நிறுவனம் இத்துறைக்கென்றே பிறந்தது. ஆனால் அந்த மும்பைப் படிப்பு, தந்தை வழித் தொழிலை ஏற்க இருக்கும் பிள்ளைகளை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. கட்டணமும் அதற்கேற்பவே இருக்கும். மாந்தோப்பைத் தவிர ஏற்றுக்கொள்ளத் தொழில் எதுவும் இல்லாத முதல் தலைமுறைக்காரருக்கு, ஓசூரிலிருந்து போய் வரக்கூடிய தொலைவில், கேட் மதிப்பெண்ணைக் கேட்டாலும் அதை மட்டுமே கேட்காத ஒரு தனியார் நிறுவனம்தான் பொருந்தி வந்தது.

அந்நிறுவனத்துக்கு அனுப்பிய கோப்பில் கட்டுரையாளர் குறைந்த மதிப்பெண்ணுக்குக் காரணம் எதுவும் எழுதவில்லை. இரவு ஷிப்ட் ஓடியது, ஆள் வரவில்லை, படிக்க நேரமில்லை என்று எழுதுவது எளிது, உண்மையும்கூட. ஆனால் தேர்வுக் குழுவுக்கு எழும் ஐயம் ஏன் குறைந்தது என்பது அன்று, உள்ளே வந்தால் தாக்குப்பிடிப்பாரா என்பதே. ஆகவே அந்த ஐயத்துக்கு நேரான விடையாக அமையக்கூடியவற்றை அவர் திரட்டினார். முந்தைய மூன்று ஆண்டு இலாப நட்டக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும், ஜி.எஸ்.டி. படிவங்களும், ஒரு துண்டின் அடக்க விலையைத் தாமே கணக்கிட்ட தாளும் கோப்பில் சேர்ந்தன. அடக்க விலைத் தாள் என்பது, எந்திரத்தின் தேய்மானம், வட்டி, மின்சாரம், வாடகை, ஆள் கூலி, வெட்டும் கருவியின் தேய்வு ஆகிய எல்லாவற்றையும் கூட்டி, எந்திரம் உண்மையில் ஓடும் மணிகளால் வகுத்து, ஒரு மணிக்கு இவ்வளவு என்று காணும் விகிதத்தை அடிப்படையாகக் கொண்டது. அந்த விகிதத்தைக் காட்டிலும் குறைவாகக் கூலி பேசினால் எந்திரம் ஓட ஓட நட்டம். அத்தாளில் ஒரு பாகத்துக்கான வரி சிவப்பு மையில் இருந்தது, ஏனெனில் அந்தப் பாகம் ஓராண்டுக்கு மேல் நட்டத்தில் ஓடியதைக் கணக்குப் போட்ட பின்னர்தான் பட்டறை கண்டுகொண்டது. கூடவே, அஞ்சல் வழியில் தொடக்கநிலைக் கணக்கியலும் புள்ளியியலும் பயின்றதற்கான சான்றும் வைக்கப்பட்டது.

நேர்முகத்தில் பேராசிரியர்கள் இருவரும், முன்னாள் மாணவரான ஒரு தொழிலதிபரும் இருந்தார்கள். பர்சன்டைலைப் பற்றிய கேள்வி முதலிலேயே வந்து, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. எஞ்சிய நேரம் முழுவதும் சிவப்பு வரியைச் சுற்றியே ஓடியது. நட்டம் என்று தெரிந்ததும் அந்த வேலையைத் திருப்பிக் கொடுத்தாரா என்று நிதித்துறைப் பேராசிரியர் கேட்டார். திருப்பிக் கொடுக்கவில்லை, எந்திரம் சும்மா நின்றாலும் வட்டியும் வாடகையும் ஓடும் என்பதால், அவ்வேலையிலிருந்து வரும் கூலி மின்சாரத்தையும் ஆள் கூலியையும் கருவித் தேய்வையும் ஈடுகட்டி, மிச்சமாகச் சிறிது வட்டிக்கும் தருகிற வரையில் வைத்துக்கொண்டு, வேறு வேலை வந்ததும் விட்டுவிடுவதாக முடிவு செய்ததை அவர் விளக்கினார். அதைக் கேட்ட பேராசிரியர், பாடநூல் அம்முடிவுக்குப் பங்களிப்பு வரம்பு என்று பெயர் வைத்திருப்பதாகச் சொன்னார். விலையிலிருந்து மாறும் செலவுகளை மட்டும் கழித்தால் நிலைச் செலவுகளை ஈடுகட்ட எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே அது. விற்பனை கால் பங்கு உயர்ந்த ஆண்டில் வர வேண்டிய பாக்கி ஏன் இரட்டித்தது என்று அடுத்த கேள்வி வந்தது. ஒரு வாடிக்கையாளர் பணம் தரும் காலத்தை நீட்டிவிட்டார் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திய கட்டுரையாளரிடம், அந்நீட்டிப்புக்கு ஆண்டுக்கு எவ்வளவு வட்டி செலவானது என்று தொழிலதிபர் தாளில் கணக்குப் போடச் சொன்னார். விடை, அந்த வாடிக்கையாளரிடமிருந்து கிடைத்த இலாபத்தில் பாதிக்கு மேல் வந்தது. அந்த அறையில் இருந்தவர்களில் அவ்விடையைக் கண்டு திகைத்தவர் கட்டுரையாளர் ஒருவரே.

அனுமதி கிடைத்தது. அதை இரக்கத்தின் விளைவாகவோ சாதனைக்குக் கிடைத்த பரிசாகவோ கொள்வது பொருந்தாது. அது ஒரு கொடுக்கல் வாங்கல். ஹார்வர்டிலிருந்து பரவி, அகமதாபாத் ஐ.ஐ.எம். தொடக்கம் முதலே கைக்கொண்ட நிகழ்வாய்வு முறை, அதாவது ஒரு நிறுவனம் உண்மையில் சந்தித்த சிக்கலை ஆவணமாக்கி வகுப்பில் விவாதிக்கும் முறை, மாணவர்களின் அனுபவத்தையே பாதிப் பாடநூலாகக் கொண்டது. வகுப்பில் அறுபது பேரும் மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்தவர்களாக இருந்தால் சம்பளநாள் நெருக்கடியைப் பற்றிய விவாதத்தில் யாருக்கும் சொல்ல ஒன்றுமிராது. சனிக்கிழமைச் சம்பளத்துக்கு வெள்ளிக்கிழமை இரவு வழி தேடிய ஒருவர் வகுப்பில் இருப்பது மற்ற ஐம்பத்தொன்பது பேருக்கும் பயன். அந்தப் பயனுக்கு விலையாக நிறுவனம் சில பர்சன்டைல்களை விட்டுக்கொடுக்கிறது. இதைச் சலுகை என்று எண்ணித் தலைகுனியும் தொழில்முனைவோரும், உரிமை என்று எண்ணித் தேர்வுக்குப் படிக்காமலேயே போகும் தொழில்முனைவோரும் அந்த வணிகத்தின் தன்மையைக் கவனிக்கவில்லை என்பதே கட்டுரையாளரின் கருத்து.

தேர்வு சொன்னது பொய்யன்று என்பதும் விரைவிலேயே தெரிந்தது. 2019ஆம் ஆண்டின் நடுவில் வகுப்பு தொடங்கியது. வெள்ளி இரவு பட்டறையைப் பூட்டிவிட்டு, சனிக்கிழமை விடியலில் ஜூஜூவாடி, அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் என்று பேருந்தில் நகர்ந்தபடி நிகழ்வாய்வுகளை வாசிப்பது வழக்கமாயிற்று. நாற்பது பக்க ஆங்கில ஆவணத்தைச் சகமாணவர்கள் ஒரு மாலையில் முடித்தால் கட்டுரையாளருக்கு இரண்டு மாலைகள் ஆயின. கேட் தேர்வின் முதல் பகுதி அளந்து சொன்னது இதைத்தான். புள்ளியியலில் கருதுகோள் சோதனை, அதாவது கைக்குக் கிடைத்த மாதிரியில் தென்படும் வேறுபாடு தற்செயலானதா மெய்யானதா என்று முடிவு செய்யும் முறை, அவருக்கு நெடுநாள் பிடிபடவில்லை. பின்னர், தர மேலாளர் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஐந்து துண்டுகளை மட்டும் எடுத்து அளந்துவிட்டு முழுப் பெட்டியையும் ஏற்பதும் திருப்புவதும் அதே சோதனைதான் என்று தெரிந்த நாளில் அது விளங்கியது. உற்பத்தி மேலாண்மை வகுப்பில் நிலைமை தலைகீழாக இருந்தது. எந்திரங்களின் வரிசையில் மெதுவான எந்திரமே மொத்த வரிசையின் வேகத்தைத் தீர்மானிக்கும் என்பதை மற்றவர்கள் வரைபடத்தில் கற்றுக்கொண்டிருந்தபோது, பழைய துளையிடும் எந்திரத்தின் முன்னால் துண்டுகள் குவிந்து கிடந்த காட்சி கட்டுரையாளருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அவ்வாண்டின் பிற்பகுதியில் வாகனத் துறை மந்தமாகி, ஓசூரின் பெரிய ஆலைகள் வேலையில்லா நாள்களை அறிவித்தபோது, பட்டறைகளுக்கு வரும் ஷெட்யூல் சுருங்கியது. ஆர்டர் குறைந்தால் பணமும் குறையும் என்றுதான் அனைவரும் அஞ்சினார்கள். ஆனால் பழைய பாக்கிகள் வந்துசேர, புதிய பில்கள் குறைய, சில மாதங்களுக்கு ஓ.டி. கணக்கில் நிலுவை இறங்கியது. தொழில் சுருங்கும்போது முடங்கிய பணம் வெளியே வரும் என்பது பெருகும்போது பணம் விழுங்கப்படுவதன் மறுபக்கம்; அந்நாள்களில் வகுப்பில் நடந்த நடைமுறை மூலதனப் பாடமும் அதுவே. அப்பணத்தைக் கொண்டு இன்னொரு எந்திரம் வாங்கச் சொன்னவர்கள் இருந்தார்கள். கட்டுரையாளர் வாங்கவில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்து மாநில எல்லை மூடப்பட்டு, வகுப்புகள் கணினித் திரைக்கு மாறியபோது, ஆட்களுக்குச் சில வாரச் சம்பளம் கொடுக்க அந்தப் பணம்தான் இருந்தது. ஊரடங்கின் பெரும்பகுதியைச் சிங்காரப்பேட்டையில் கழித்த அவர், கைப்பேசிச் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் மாந்தோப்பின் மேட்டில் உட்கார்ந்து, பெருநிறுவன நிதி வகுப்புகளைக் கேட்டார். உலகெங்கும் தேர்வு மையங்கள் மூடப்பட்டிருந்த அம்மாதங்களில், அமெரிக்காவின் பெயர் பெற்ற சில வணிகக் கல்லூரிகள் நுழைவுத் தேர்வு மதிப்பெண் இல்லாமலே விண்ணப்பங்களைப் பரிசீலிக்க முன்வந்தன. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இன்றியமையாதது என்று கருதப்பட்ட கோலைச் சில மாதங்கள் ஓரம் வைக்க முடியும் என்பது அப்போது தெரிந்தது.

படிப்பு 2021ஆம் ஆண்டில் முடிந்தது. மதிப்பெண் பட்டியலில் புள்ளியியலுக்குக் கிடைத்த தரம் எல்லாவற்றிலும் தாழ்ந்தது, உற்பத்தி மேலாண்மைக்குக் கிடைத்தது எல்லாவற்றிலும் உயர்ந்தது. பட்டறையில் அதன் பின் ஏற்பட்ட மாற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், தொண்ணூறு நாளுக்கு மேல் தவணை கேட்கும் வேலைகளுக்கு அந்த நாள்களின் வட்டியைக் கூலியில் சேர்த்தே விலை சொல்லும் பழக்கம் வந்தது. சில ஆர்டர்கள் அதனால் போயின, சில வாடிக்கையாளர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், குறு, சிறு நிறுவனங்களுக்குச் சட்டம் சொல்லும் காலத்துக்குள் தராத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு நடைமுறைக்கு வந்தபோது, வட்டியைச் சேர்த்துச் சொல்லும் பேச்சு அதிகம் தேவைப்படாமல், சில பர்ச்சேஸ் அலுவலகங்களிலிருந்து தாமாகவே தொலைபேசி அழைப்பு வந்தது. இரண்டாவது சி.என்.சி. எந்திரத்துக்குக் கடன் கேட்டுப் போன இடத்தில், வங்கி மேலாளர் பட்டச் சான்றிதழை மரியாதையோடு வாங்கிப் பார்த்து, அதே மரியாதையோடு திருப்பிக் கொடுத்துவிட்டு, மூன்று ஆண்டு இருப்புநிலைக் குறிப்பையும், சிங்காரப்பேட்டை மாந்தோப்பின் பட்டாவையும், வில்லங்கச் சான்றையும் கேட்டார்.